பன்னிரண்டிலிருந்து நான்கு வரை

(கொல்கத்தாத் தமிழர்கள் கூடிய அவை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'துன்பத்திலும் இன்பம்'. கேட்டதும் கொஞ்சம் பயந்தேன். வள்ளுவர் இடுக்கணழியாமை என்று ஓர் அதிகாரமே எழுதி, துன்பம் வந்தால் சிரியுங்கள் என்று சொல்லி முடித்துவிட்ட விஷயம் இது. அதற்கு மேலும் ஒருவன் மேடையேறி அறிவுரை சொன்னால் கேட்பவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் தலைப்பை நம் ஊருக்குள் இழுத்து வந்துவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் எதிர்பாராமல் கிடைத்த சின்னச் சின்னச் சந்தோஷங்களைப் பற்றியும், அவை யார் கையிலிருந்து வந்தன என்பதைப் பற்றியும் பேசுகிறேன். இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

அந்தக் கொரோனா வருஷம் எப்படிப்பட்டது என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரில் அப்பா போய்ச் சேர்ந்த சேதி வந்து, ரயிலும் இல்லாமல் விமானமும் இல்லாமல், செல்போன் திரையில் கொள்ளி வைப்பதைப் பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு நான் சந்தோஷத்தைப் பேசினால் எழுந்து போய்விடுங்கள். தப்பாக நினைக்க மாட்டேன்.

இனிப்பிலிருந்து தொடங்குகிறேன். வங்காளத்தில் வேறெங்கிருந்து தொடங்குவது?

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. மறுநாள் மாலை 5 மணிக்குக் கொல்கத்தா மூடிக்கொண்டது. 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும். மெட்ரோ நின்றது, புறநகர் ரயில் நின்றது, மிஷ்டிக் கடைகளும், அதாவது இனிப்புக் கடைகளும், ஷட்டரை இறக்கின. துணிக்கடையை மூடினால் துணி அலமாரியில் கிடக்கும். மிஷ்டிக் கடை அப்படியில்லை. மாட்டுக்கு ஊரடங்கு தெரியாது. காலையும் மாலையும் கறந்துதான் ஆக வேண்டும். இந்த மாநிலத்துப் பாலில் ஒரு பெரிய பங்கு, திரித்துச் சானா எடுத்து ரசகுல்லாவுக்கும் சந்தேஷுக்கும் போவது. சானா வாங்க ஆளில்லை என்றானதும் மாவட்டங்களில் பால்காரர்கள் பாலைத் தரையில் கொட்டினார்கள். ஊரடங்கு தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் அரசு இறங்கி வந்தது. மார்ச் 31 முதல் மிஷ்டிக் கடைகள் பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை திறக்கலாம். உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, வாங்கிக்கொண்டு போகலாம் என்று உத்தரவு வந்தது.

மதுரையிலிருந்து என் தங்கை போன் செய்து சிரித்தாள். "ஏண்ணே, ஊரே மூடிக் கிடக்கு, உங்க ஊர்ல மட்டும் ரசகுல்லா அத்தியாவசியப் பொருளா?" அவள் கேட்டதில் தப்பில்லை. வெளியூரிலிருந்து பார்த்தால் இது வங்காளிகளின் நாக்குச் சபலமாகத்தான் தெரியும். இன்னொரு வேடிக்கையும் இருந்தது. பன்னிரண்டிலிருந்து நான்கு என்பது வங்காளி சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். சாதாரண நாளில் அந்த நேரத்தில் பேட்டைக்குள் கடைக்காரரே கல்லாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருப்பார். இனிப்பு வாங்க இதைவிடப் பொருந்தாத நேரத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனாலும் ஜனங்கள் போனார்கள். உச்சி வெயிலில், சுண்ணாம்பில் போட்ட வட்டத்துக்குள் ஒவ்வொருவராக நின்றார்கள். கண்ணாடி அலமாரியில் பாதிக்கு மேல் காலி; நாலைந்து வகைதான். கையுறை மாட்டிய பையன் இடுக்கியால் சந்தேஷை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து, நூலைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி முடிச்சுப் போட்டு, பெட்டியைக் கல்லாவின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்பான். அதன்பிறகு நாம் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். காசையும் அப்படியே தள்ள வேண்டும். வாங்கியவர்கள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்தார்கள். ஒரு ரசகுல்லாவில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்குப் புரிந்தவரை, வீட்டுக்குப் போனதும் திறந்து பார்க்க ஒரு பெட்டி இருந்தது.

இதே வங்காளத்தில் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1965-இல் பால் தட்டுப்பாடு வந்தபோது முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் சானாவில் இனிப்புச் செய்வதற்கே தடை போட்டார். குழந்தைகளுக்குப் பால் வேண்டும் என்பது காரணம், நியாயமான காரணந்தான். ஆனால் சானா எடுப்பவர், அடுப்படியில் நிற்பவர், கடைக்காரர் என்று ஆயிரமாயிரம் பேருடைய பிழைப்பு ஒரே உத்தரவில் ஆட்டங்கண்டது. அரிசி கிடைக்காவிட்டால் வாழைக்காய் சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னதாக வயதானவர்கள் இன்னும் கேலி பேசுவார்கள். 1967 தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. ஆராம்பாக் தொகுதியில் அவரே தோற்றார். ரசகுல்லாதான் தோற்கடித்தது என்று சொல்ல மாட்டேன், அரிசிதான் பெரிய காரணம். ஆனால் அந்தத் தடையை வங்காளம் மறக்கவில்லை. 2020-இல் கடையைத் திறந்துவிட்டவர்களுக்கு அந்த ஞாபகம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பிறகு நேரத்தையும் நீட்டினார்கள்.

ஜாதவ்பூரில் ஹிந்துஸ்தான் ஸ்வீட்ஸ் கடையில் கொரோனாக் கிருமியின் வடிவத்திலேயே சந்தேஷ் செய்தார்கள். உருண்டையும் முள்ளுமாக. படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. என் பேத்திதான், "பயத்தைக் கடிச்சுத் தின்னுடலாம் தாத்தா" என்றாள். எட்டு வயதுப் பெண் சொன்ன விளக்கத்துக்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

ஏப்ரலில் வந்த டால்பின் செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். வெனிஸ் கால்வாயில் டால்பின் வந்துவிட்டது என்று உலகமெல்லாம் ஒரு பொய் சுற்றியது. நம் ஹூக்ளி ஆற்றில் டால்பின் என்ற செய்தியும் அப்படித்தான் இருக்கும் என்று நானும் உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் கங்கை டால்பின் இந்த ஆற்றுக்குப் புதிதாக வந்த விருந்தாளி கிடையாது. கண் பார்வை ஏறக்குறைய இல்லாத பிராணி. ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கும், இரை பிடிக்கும். படகு இயந்திரங்கள் நாள் முழுக்கக் கத்தும் இடத்தில் அதற்கு என்ன கேட்கும்? படகு நின்றதும் பாபுகாட் பக்கம் தலை காட்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்குப் பொறாமையோடு என் வாழ்த்துகள்.

காவல்துறைக்கு வருகிறேன். கரியாஹட்டில் ஏக்டாலியா பக்கம் வெள்ளைச் சீருடையில் போலீஸ்காரர்கள் மைக் பிடித்துத் தெருவில் நின்று பாடினார்கள். அஞ்சன் தத்தாவின் 'பேலா போஸ்' என்ற பாட்டு. இந்த ஊரில் அந்தப் பாட்டில் வரும் தொலைபேசி எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வேலை கிடைத்துவிட்டது என்று காதலிக்குப் போனில் சொல்லும் பையனின் பாட்டு அது. மெட்டை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே இருங்கள் என்று வார்த்தையை மாற்றிப் பாடினார்கள். சுருதி அங்கங்கே விலகியது. மாடிக்கு மாடி ஜனங்கள் வந்து நின்று கூடவே பாடினார்கள், கை தட்டினார்கள். அதே நாட்களில் நாடு முழுக்க லத்தியடி வாங்கியவர்களும் உண்டு. பாட்டு அடியைக் கழுவிவிடாது. ஆனாலும் எல்லா ஊரிலும் ஊரடங்கு ஒரே மாதிரி அமல் ஆகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். லத்தியோடு பாட்டும் ஒரு வழி என்று யாரோ ஒரு காவல் ஆய்வாளருக்குத் தோன்றியிருக்கிறது.

மே 20. அம்பன் புயல்.

நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்த ஊரில், அந்தக் கதவையே பிய்த்துக்கொண்டு போகிற காற்று. கொல்கத்தாவில் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவுக்கு அடித்தது. 5,000 மரங்களுக்கு மேல் சாய்ந்தன. மாநிலத்தில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள். சுந்தரவனத்தில் கரை உடைந்து வயலில் உப்புத் தண்ணீர் ஏறியது. மரங்களை வெட்டி வழி திறக்க ராணுவம் வந்தது. பல பேட்டைகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் மாடிக்குத் தண்ணீர் இல்லை.

லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடு எங்களுடையது, மூன்றாவது மாடி. கீழ்வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமாவும் நாங்களும் பல வருஷமாக, "நல்லாருக்கீங்களா, நல்லாருக்கோம்" என்பதோடு சரி. அந்த வாரம் தெருப் பையன்கள் குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்க நின்று, "காக்கூ, இன்னும் ரெண்டு வாளி கொண்டு வரட்டுமா?" என்று கேட்ட பையனை, அதற்கு முன் கிரிக்கெட் பந்தால் எங்கள் வீட்டு ஜன்னலை உடைத்தவன் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். இரவில் வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் எல்லாக் குடித்தனமும் மொட்டை மாடிக்கு ஏறியது. மாஷிமா வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த மீன் கெட்டுப்போகும் முன் தீர்த்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கிப் புளித்துக்கொண்டிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர்கள் தட்டில் எங்கள் தோசையும், தேங்காய் கிடைக்காததால் மிளகாய்ப் பொடியும். "மிளகாய்ப் பொடியைத் தின்றுவிட்டு நீங்கள் எல்லாம் எப்படி உயிரோடிருக்கிறீர்கள்?" என்று கண்ணில் நீர் வழிய மாஷிமா கேட்டார். கேட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். மின்சாரம் வந்த நொடியில் தெருவே கத்தியது. அதற்கப்புறம் மாடிக்கு யாரும் வரவில்லை. மனுஷ சுபாவம்.

அதே புயலில், புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் தெருத் தண்ணீரில் மிதந்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிகள் மூடி, பரீட்சைகள் தள்ளிப்போய், ஏற்கெனவே வியாபாரம் படுத்திருந்த நேரத்தில் அது. அந்த வியாபாரிகளுக்குப் புத்தகம் அறிவு கிறிவு எல்லாம் அப்புறம். முதலில் அது அரிசி பருப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி, ஷ்யாம்பஜாரிலிருந்து எஸ்பிளனேடு வரை, அந்தக் காலேஜ் ஸ்ட்ரீட் வழியாகவே, பெட்டிக்குள் புத்தக அலமாரி வைத்த டிராம் ஒன்று ஓடத் தொடங்கியது. பத்திரிகைகளும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும் வைத்திருந்தார்கள். பெரிய நூலகம் என்று பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. டிராமின் வேகத்துக்கு ஒரு புத்தகம் என்ன, ஒரு தொகுதியே படித்துவிடலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஜாதவ்பூரில் 'ஷ்ரமஜீவி கேன்டீன்' தொடங்கினார்கள். இடதுசாரித் தொண்டர்கள் நடத்தியது. 20 ரூபாய்க்குச் சாப்பாடு. அவர்கள் அரசியல் எனக்கு முழுக்க ஒப்பாது; அது வேறு விஷயம். தமிழ்நாட்டு அம்மா உணவகம் அரசாங்கம் நடத்துவது. இது சந்தாவிலும் தொண்டர் உழைப்பிலும் ஓடியது. இலவசமாகக் கொடுக்காமல் 20 ரூபாய் வாங்கியதுதான் எனக்குப் பிடித்திருந்தது. கை நீட்டி வாங்கியே பழக்கமில்லாத தையல்காரரும் ரிக்‌ஷாக்காரரும் காசைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கும்போது அவர்கள் வாடிக்கையாளர்கள். அந்த வருஷம் பலருக்கு அந்த மரியாதை வேறெங்கும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியில் அரசும் 5 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 'மா கேன்டீன்' திறந்தது.

இனி பூஜை.

அந்த ஆண்டு மஹாளயா செப்டம்பர் 17. துர்கா பூஜையோ அக்டோபர் 22. நடுவில் அதிக மாசம் வந்ததால் முப்பத்தைந்து நாள் இடைவெளி. விடியற்காலை நாலு மணிக்கு வானொலியில் வீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலைக் கேட்டுவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தது ஊர். அக்டோபர் 19-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், பந்தலுக்குள் பார்வையாளர் நுழையக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. சின்னப் பந்தலுக்கு 5 மீட்டர், பெரிய பந்தலுக்கு 10 மீட்டர் தள்ளித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜனம் இல்லை. வேறு வருஷமென்றால் நெரிசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு ஒரு நொடி அம்மன் முகத்தைப் பார்த்து வருவோம். அந்த வருஷம் தெருவில் நின்றபடியே, யாரும் தள்ளாமல், நிதானமாகப் பார்க்க முடிந்தது. வீல் சேரில் வந்த கிழவிகள் பார்த்தார்கள். இது சந்தோஷந்தான். ஆனால் இதன் மறுபக்கத்தில் பூஜைக்கு மேளம் வாசிக்கும் டாக்கி நிற்கிறார். பாங்குராவிலிருந்தும் முர்ஷிதாபாத்திலிருந்தும் தோளில் டாக் முரசோடு சியால்தா நிலையத்தில் வந்து கூடி, அங்கேயே வாசித்துக் காட்டி, ஏதாவது பந்தலில் வேலை பிடித்துப் போகிறவர் அவர். புறநகர் ரயில்கள் ஓடத் தொடங்கியதோ நவம்பர் 11-இல். பூஜை முடிந்தபிறகு! அந்த வருஷம் வந்து சேர முடிந்த டாக்கி ஒருவர் எங்கள் தெருவில் வாசித்தபோது ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் நின்றார்கள்; வர முடியாதவர்களின் வீட்டில் அந்தப் பண்டிகை எப்படிப் போயிருக்கும் என்பதை ஜன்னலில் நின்ற நாங்கள் நினைத்துப் பார்த்தோமா என்றால், இல்லை.

நினைத்துப் பார்த்தவர்கள் பேஹாலாவில் இருந்தார்கள். பரிஷா கிளப் பந்தலில் ரிந்து தாஸ் என்ற கலைஞர் அமைத்த காட்சி. சிலை செய்தவர் பல்லவ் பௌமிக். துர்கைக்குப் பதிலாக ஒரு புலம்பெயர் தொழிலாளித் தாய் நடந்து போகிறாள். கையில் சட்டையில்லாத குழந்தை. அதுதான் கார்த்திக், நம் முருகன். பக்கத்தில் பெண் பிள்ளைகள், ஒருத்தியிடம் லட்சுமியின் ஆந்தை, ஒருத்தியிடம் சரஸ்வதியின் அன்னம். யானைத் தலையோடு கணேசனும் நடக்கிறான். சிங்கம் இல்லை. நிவாரணம் கேட்டு நடந்து போகும் குடும்பம். அந்த மே மாத நெடுஞ்சாலைகளில் நாம் தொலைக்காட்சியில் பார்த்த அதே குடும்பம்.

இதைச் சந்தோஷம் என்ற கணக்கில் எப்படிச் சேர்க்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நான் சேர்க்கிறேன். ஆறு மாதமாக நாம் எல்லோரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்த ஒன்றை ஒரு பேட்டைச் சங்கம் நடுப்பந்தலில் கொண்டுவந்து நிறுத்தி, இவளைக் கும்பிடுங்கள் என்றது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. வங்காளத்துக்கு இந்தப் பழக்கம் உண்டு. 1943 பஞ்சத்தில் தெருவில் பிணங்கள் கிடந்த ஊர் இது. மறு ஆண்டே அந்தப் பஞ்சத்தை பிஜன் பட்டாச்சார்யா 'நவான்ன' என்று நாடகமாக்க, இதே ஊரில் மேடையேற்றினார்கள். நாடகத்தின் பெயரோ புது அரிசிப் பண்டிகையின் பெயர்.

கடைசியாக ஒன்று. 1940 செப்டம்பரில் தாகூர் காலிம்பாங்கில் நினைவு தப்பி விழுந்து, கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஜோடாசாங்கோ வீட்டில் படுக்கை. எண்பது வயதை நெருங்கும் உடம்பு. வெளியே உலகப் போர். அந்தப் படுக்கையில் வந்த கவிதைகளின் தொகுப்புக்கு 'ரோகசய்யாய்' என்று பெயர், நோய்ப் படுக்கையில் என்று அர்த்தம். அதில் ஒரு கவிதை, விடிகாலையில் ஜன்னலுக்கு வரும் சிட்டுக்குருவியைப் பற்றியது. உலகமே கொண்டாடிய குயில், மயில் எல்லாம் விட்டுவிட்டு, யாரும் சீந்தாத ஊர்க்குருவிக்கு ஒரு கவிதை. அதை நோயாளியின் ரசனை என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுவோம். எனக்கு அங்கே வேறொருவர் கண்ணில் படுகிறார். கை ஓய்ந்த கவிஞர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். 1941 ஜூலை 30, அறுவைச் சிகிச்சை நடந்த அன்று காலை அவர் சொன்ன கடைசிக் கவிதையைத் தாளில் எடுத்தவர் ராணி சந்தா. ஆகஸ்ட் 7-இல் கவிஞர் போய்விட்டார். ராணி சந்தா பேனாவோடு அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் அந்த வரிகள் அறையோடு போயிருக்கும்.

இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2020-இல் யார் யார் இறந்தார்கள் என்ற பதிவு மாநகராட்சியில் இருக்கிறது. எத்தனை மரம் விழுந்தது என்ற கணக்கு இருக்கிறது. உங்கள் மாடிக்குத் தண்ணீர் சுமந்த பையன், பத்தடி தள்ளி நின்று மல்லிகைப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போன லேக் மார்க்கெட் பூக்காரர், தமிழ்ப் பத்திரிகை வராத மாதங்களில் பழைய இதழ்களை வீடு வீடாக மாற்றிக் கொடுத்தவர்கள், இவர்களெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுத வராது என்பவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். வங்க மொழியில் எழுதினாலும் பரவாயில்லை, நாம் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். நல்லது மட்டும் வேண்டாம், உங்களுக்கு உதவியவருடைய குடும்பத்துக்கு அந்த வருஷம் எப்படிப் போனது என்பதையும் விசாரித்து எழுதுங்கள். பிழை திருத்தும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டம் முடிந்து போகும்போது வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள்.